நாலரைக்குப் பூட்டும் நூலகம்

என் அக்கா மகள் படிக்கும் கல்லூரியில் கடைசி வகுப்பு நாலு மணிக்கு முடிகிறது. அவள் ஊர்ப்பக்கம் போகும் கல்லூரிப் பேருந்து நாலே காலுக்குக் கிளம்பிவிடும். நூலகத்தை நாலரைக்குப் பூட்டுவார்கள். காலையில் வகுப்பு தொடங்கும் நேரத்துக்குத்தான் திறப்பார்கள். மதியம் பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் நூலகத்துக்கும் சாப்பாட்டு நேரம். அப்படியானால் அந்தப் பெண் நூலகத்துக்குள் எப்போது போவாள்?

கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எங்கோ ஓரிடத்தில் மட்டும் இருக்கிற குறையும் இல்லை இது. தெரிந்த பிள்ளைகள் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், கதை ஒன்றுதான்.

நூலகத்தை மேம்படுத்துகிறோம் என்று எந்தக் கல்லூரி கிளம்பினாலும் முதலில் செலவு போவது கண்ணுக்குத் தெரியும் விஷயங்களுக்கு. புதிய நாற்காலிகள், கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் ஒரு பெரிய திரை. ஆய்வுக்குழு வந்து பார்த்துவிட்டுப் போகும்போது படம் எடுக்க நன்றாக இருக்கும். இவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மே மாத ஆரணி வெயிலில் ஏசி அறையில் உட்கார்ந்து படிப்பது பெரிய உதவிதான். ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் ஏசியால் யாருக்கு என்ன லாபம்? பல்கலைக்கழக நூலகமோ அதோடு இணைந்த கல்லூரியின் நூலகமோ, முதலில் திருத்த வேண்டியது திறந்திருக்கும் நேரத்தை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் ஊருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஆரணி, முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கத்து நெசவாளர் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டின் நல்ல அறையைத் தறி எடுத்துக்கொண்டிருக்கும். குழித்தறி என்றால் அந்த அறையில் மேசை போட இடமிருக்காது. கல்லூரி விட்டு வரும் பெண் முகம் கழுவியதும் ராட்டையின் முன் உட்கார்ந்து அம்மாவின் தறிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றித் தருவாள். தார் தீர்ந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். இரவு எட்டு மணிக்கு மேல் தறி ஓய்ந்த பிறகு அதே அறையில் பாய் விரித்துப் படிக்க வேண்டும், தம்பி தங்கைகளும் அங்கேதான் தூங்க வேண்டும். இந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி நூலகம் என்பது புத்தகம் வாங்கும் இடம் மட்டும் இல்லை. வாழ்க்கையில் அவளுக்கென்று ஒரு மேசையும் நாற்காலியும் விளக்கும் கிடைக்கக்கூடிய ஒரே இடம்.

இந்த நேரப் பிரச்சினை நூறு வருஷம் முன்னாலேயே நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் தீர்த்துவைத்த பிரச்சினை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளோடு பேசிப் பழகியவருக்கு ஆளில்லாத நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது சிறைமாதிரி இருந்திருக்கிறது. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிடுகிறேன் என்று போய் நின்றார். லண்டனில் நூலகவியல் பயிற்சி எடுக்க அனுப்புகிறோம், போய் வாருங்கள், திரும்பி வந்தும் பிடிக்கவில்லை என்றால் கணிதத்துக்கே வந்துவிடலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தார். குராய்டன் நூலகத்தின் தலைமை நூலகராக இருந்த பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியர். படித்ததைவிட அவரை மாற்றியது பார்த்ததுதான் என்று நினைக்கிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளியும் பெண்களும் குழந்தைகளும் நூலகத்துக்குள் வந்து போனார்கள். நூலகம் ஊரோடு சேர்ந்து இயங்கியது. 1925இல் சென்னைக்குத் திரும்பியவர் அதற்குப் பிறகு கணித வகுப்புப் பக்கம் திரும்பவே இல்லை. இருபது வருஷம் அந்த நூலகத்திலேயே கிடந்தார்.

அவர் அங்கே செய்தவற்றை இன்றைக்கும் ஒரு கல்லூரி முதல்வர் வேலைத்திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். விடுமுறை நாளிலும் நூலகத்தைத் திறந்து வைத்தார். அலமாரிகளைப் பூட்டி வைக்காமல் வாசகரையே உள்ளே விட்டார். வருகிறவரிடம் என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்து உதவி செய்ய ஆள் வைத்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானதில் முன்னால் நின்றார். நூலகர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளி 1929இல் சங்கத்தின் மூலம் தொடங்கியது, பிறகு பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது. 1936இல் கடற்கரையோரம் நூலகத்துக்குத் தனிக் கட்டடமும் வந்தது. வரிசையைக் கவனியுங்கள். நேரமும் திறந்த அலமாரியும் உதவி செய்யும் ஆளும் முதலில், கட்டடம் அப்புறம்.

1931இல் வெளியான ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ என்ற அவருடைய நூலை அந்தத் துறை படித்தவர்கள் எல்லோரும் பரீட்சைக்காகவாவது புரட்டியிருப்பார்கள். புத்தகம் பயன்படத்தான் இருக்கிறது என்பது முதல் விதி. கேட்டால் இதிலென்ன புதுமை என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அவர் எங்கே போகிறார் என்று பாருங்கள். நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும், நாற்காலி எப்படி இருக்க வேண்டும், அங்கே வேலை பார்ப்பவர் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அந்த முதல் விதிக்குள்ளேயே வருகிறது. திறந்திருக்கும் நேரம் அவருக்கு நிர்வாக விவகாரம் இல்லை, அடிப்படைக் கொள்கை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நாலாவதாக ஒரு விதி வைத்தவரும் அவர்தான்.

இன்னொரு விஷயம். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல் வருகிற வரை நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. அதாவது ரங்கநாதன் கட்டி எழுப்பியது நம்முடைய பல்கலைக்கழகத்தின் நூலகத்தை. வேற்றூர்ப் பெருமையை எடுத்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

திறந்த அலமாரிக்கு வருகிறேன். அக்கா மகளிடம், "உள்ளே போய் நீயே புத்தகத்தைப் பார்த்து எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"விட மாட்டாங்க மாமா. சீட்டுல பேர் எழுதிக் குடுத்தா அவங்களே எடுத்துத் தருவாங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுவாங்க."

"பேர் தெரியாத புத்தகம் வேணும்னா?"

"பேர் தெரியாம எப்படி மாமா கேக்கறது?"

சிக்கல் இதுதான். பாடத்திட்டத்தில் போட்டிருக்கும் புத்தகத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பக்கத்தில் நிற்கும் புத்தகம், அதே விஷயத்தை இன்னும் எளிமையாகச் சொல்லும் புத்தகம், வேறு ஒரு துறைக்கு இழுத்துக்கொண்டு போகும் புத்தகம், இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க முடியும். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுத்து அடுக்குவதற்குக் காரணமே அதுதான். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். லண்டன் கடை ஒன்றில் துண்டு துண்டான இரும்புப் பட்டைகளைக் கோத்து விதவிதமான பொம்மைகள் செய்யும் மெக்கானோ பெட்டியைப் பார்த்தபோது அந்த யோசனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அத்தனை சிரமப்பட்டுப் பிரித்து அடுக்கிய அலமாரியை வாசகர் கண்ணில் காட்டாமல் வைத்தால் அந்த உழைப்பு வீண்.

திறந்து விட்டால் திருட்டுப் போகும், இடம் மாற்றி வைத்துவிடுவார்கள் என்று நூலகர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. புத்தகம் காணாமல் போனால் தணிக்கையில் நூலகரின் தலையில்தான் விடியும். சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற கவலை வேறு. நிர்வாகம் ஒரு அளவு வரை இழப்பை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுத்தில் கொடுத்தால் நூலகருக்குத் தைரியம் வரும். இடம் மாறுவதும் உண்மையான தொல்லை. தறிமேல் ஜக்கார்டு பெட்டியில் டிசைனுக்காக ஓடும் அட்டை ஒன்று வரிசை மாறிக் கோக்கப்பட்டால் முந்தானையில் அன்னம் கோணலாகிவிடும், எங்கே தப்பு என்று அவிழ்த்துப் பார்க்க அரை நாள் போகும். இடம் மாறிய புத்தகமும் அப்படித்தான், இருந்தும் இல்லாத மாதிரி. இதற்கு வழி, எடுத்த புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள், மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று எழுதி ஒட்டுவது. மாலையில் ஓர் உதவியாளர் சரியாக அடுக்கிவிடுவார். பெரிய நூலகங்கள் பலவும் இப்படித்தான் செய்கின்றன.

கணினி அட்டவணைக்குப் பணமில்லை என்று சொல்லும் கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம். அதை முதலில் உருவாக்க வைத்தது பெரிய பல்கலைக்கழகம் இல்லை. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற பகுதியின் சின்னச் சின்ன ஊர் நூலகங்கள். 2000ஆம் ஆண்டு பிறந்தால் அவர்களுடைய பழைய மென்பொருள் ஓடாது என்ற நெருக்கடியில், புதியதை விலைக்கு வாங்குவதற்குப் பதில் எழுதச் சொல்லி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் மத்திய அரசின் என்ஐசி செய்து தரும் இ-கிரந்தாலயாவும் இருக்கிறது. மென்பொருளால் இனி எந்தச் சாக்கும் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகப் பதிவு செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் யார் சார் அலமாரிக்குப் போகிறார்கள், எல்லாம் செல்போனில் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் கிடைப்பதில்லை. ஆராய்ச்சி இதழ்கள் பலவும் பணம் கட்டினால்தான் திறக்கும், ஒரு கட்டுரைக்கு இரண்டாயிரம் மூவாயிரம் என்று கேட்பதும் சாதாரணம். அந்தக் கதவைத் திறக்கத்தான் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பெரிய பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள 6,300க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்கலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். ஐஐடி மாணவருக்குக் கிடைக்கும் அதே இதழ் அரசு கலைக் கல்லூரி மாணவிக்கும் கிடைக்க வழி வந்திருக்கிறது. தச்சூரில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆரணி உறுப்புக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை, பட்டு நூலின் சாயம் ஏன் வெளுக்கிறது என்று தேடினால், உலகத்தில் யார் எங்கே அதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று படித்துவிடலாம். ஆனால் திட்டம் இருப்பது வேறு, பிள்ளையின் கையில் கடவுச்சொல் இருப்பது வேறு. கல்லூரி தன்னைப் பதிவு செய்ய வேண்டும். வளாகத்துக்கு வெளியே இருந்தும் நுழையும் வசதியை இன்ஃப்லிப்நெட்டின் இன்ஃபெட் சேவை மூலம் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். நாலேகால் பேருந்தில் ஏறிவிட்ட பெண்ணுக்கு வளாகத்துக்குள் மட்டும் வேலை செய்யும் இணைப்பால் பயன் கொஞ்சம்தான். வருஷத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எப்படித் தேடுவது என்று நூலகர் வகுப்பில் வந்து காட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஏசிக்கு ஆகும் செலவில் ஒரு துளி.

திட்டத்தின் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். தனியார் சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இதற்குள் வரவில்லை. நம் வட்டாரப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் படிப்பது அங்கேதான். கூலிக்கு நெய்யும் அப்பா கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் பிள்ளைக்கு அந்த இதழ்கள் இல்லை. இது சரியில்லை. அடுத்த கட்டத்தில் அவர்களையும் சேர்க்க வேண்டும், குறைந்தபட்சம் இணைப்பு அளிக்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு வந்தால் யாரும் படிக்கலாம் என்றாவது வைக்க வேண்டும்.

அதுவரை எல்லோருக்கும் திறந்திருப்பவை சில உண்டு. ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம், முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், ஐஐடிக்களின் என்பிடெல் பாடங்கள். சோத்கங்காவில் கைத்தறி நெசவாளர் என்று தேடிப் பாருங்கள். நம் வீட்டுக் கூலியையும் கடனையும் வைத்து யார் யாரோ ஆய்வு செய்திருப்பதை நாமே படிக்கலாம்.

தாள் புத்தகத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இளங்கலைப் படிப்பு இன்னும் அதில்தான் நிற்கிறது. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் நூலகம் இருப்பது சேர்க்காட்டில். ஆரணியிலிருந்து வேலூர் போய், அங்கே பஸ் மாறி, போய்ச் சேருவதற்குள் பாதி நாள் போய்விடும். தார் சுற்ற வேண்டிய பெண் ஒரு புத்தகத்துக்காக ஒரு நாளைச் செலவழிக்க மாட்டாள், வீட்டிலும் விட மாட்டார்கள். புத்தகம்தான் அவளிடம் வர வேண்டும். முடியாத காரியமா? 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். சாலையும் சரியில்லாத, டெலிபோனும் இல்லாத காலம். இன்றைக்கு நம் சுற்றுவட்டாரத்தில் தினமும் காலையும் மாலையும் கல்லூரிப் பேருந்துகள் எல்லா ஊருக்கும் ஓடுகின்றன. பல்கலைக்கழகம் வாரம் ஒருமுறை இணைப்புக் கல்லூரிகளுக்குப் புத்தகப் பெட்டி அனுப்பலாம். கல்லூரிப் பேருந்தில் ஒரு பெட்டி ஏற்றினால் கேட்ட புத்தகம் அவரவர் ஊர் நிறுத்தத்திலேயே கைக்கு வந்துவிடும். டீசல் ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நேரத்துக்கும் இதே மாதிரி வழி உண்டு. எல்லா நாளும் இரவு எட்டு வரை திறந்து வை என்று நான் கேட்கவில்லை. பெண் பிள்ளைகள் ஊர் திரும்புவதில் உள்ள கவலை எனக்கும் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பேருந்தை ஆறரைக்குத் தள்ளி வைத்து அதுவரை நூலகத்தைத் திறந்து வைக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊழியர்கள் இருவர் மாறி மாறிச் சாப்பிடலாம். பரீட்சை விடுமுறையில் முழு நாளும் திறக்கலாம். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே நிறைய. நம் கல்லூரி நூலகங்களில் பையை வெளியே வை, சொந்தப் புத்தகம் உள்ளே வராது என்கிற விதியைத் தளர்த்தினால் போதும், அந்த வசதி இங்கேயே வந்துவிடும்.

கடைசியாக, எனக்கு நெருக்கமான ஒரு விஷயம். எங்கேயும் வாங்க முடியாத ஒன்றை ஆரணியின் கல்லூரி நூலகம் சேர்த்து வைக்க முடியும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, சரி. அந்தப் பட்டின் டிசைன்கள் எங்கே இருக்கின்றன? கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்தவர்களின் வீட்டுப் பரணில். ஒவ்வொரு கட்டத்தையும் சிவப்பு மையால் நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் துளை அடித்து, அட்டைகளை நூலால் கோத்துத் தறிமேல் ஏற்றிய காலம் அது. இப்போது கணினியில் வரைகிறார்கள், பழைய அட்டைக் கட்டுகளைப் பழைய பேப்பர்காரர் எடை போட்டு எடுத்துப் போகிறார். ஓர் அட்டைக் கட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரங்கள் எண்ணெய் படிந்து கறுத்திருந்தன. பின்பக்கம் பென்சிலில் டிசைனின் பெயரும் யாருக்காக அடித்தது என்பதும் எழுதியிருந்தது. இந்த ஊரின் வரலாற்றை எழுதப்போகும் மாணவிக்கு இதைவிட நல்ல ஆவணம் எங்கே கிடைக்கும்? கூட்டுறவுச் சங்கங்களின் பழைய மலர்கள், ஆரணிக் கோட்டையின் படங்கள், நெசவாளர் பேச்சின் ஒலிப்பதிவுகள், எல்லாவற்றுக்கும் ஓர் அலமாரி போதும். நூலகவியலில் இதை உள்ளூர்த் தொகுப்பு என்பார்கள். நல்ல பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றிலும் உண்டு.

இதைப் படிக்கும் ஆரணிக்காரர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை படிக்கும் கல்லூரியில் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, நூலகம் எத்தனை மணி வரை என்றும் கேளுங்கள். நாலு பெற்றோர் கேட்டால் நிர்வாகம் யோசிக்கும். பரணில் பழைய டிசைன் தாளோ அட்டைக் கட்டோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒரு துணியில் கட்டி வையுங்கள். வாங்கி வைத்துக்கொள்ள ஒரு நூலகத்தைக் கேட்டுப் பெறும் வேலையை நான் தொடங்கியிருக்கிறேன்.